தொலைகாட்டிக்குத் தறப்பாள், குசினிக்குச் சட்டி

வடமராட்சியிலிருந்து வந்த கடிதம் நான்கு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 44. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. மனைவி ஆசிரியை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மகனுக்கு 11 வயது. ஐப்பசிக் கடைசியில் சீட்டுக் காசு கைக்கு வந்தது. அதில் எட்டு இஞ்சி அகல ஆடி வைத்த, டொப்சோனியன் என்ற வகை, வானம் பார்க்கும் தொலைகாட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். பெட்டி வந்து இறங்கிய பின்னேரமே மழை பிடித்தது. கார்த்திகையும் மார்கழியும் வானம் வெளிக்கவேயில்லை. இரண்டு மாதத்தில் அவர் கண்டது முகில் இடுக்கில் நாற்பது நிமிட நிலவு மட்டும்.

பகிடி வீட்டுக்கு வெளியேதான் தொடங்கியது. வயல் செய்கிற பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணை, அடுத்த முறை நான் விதைச்ச கையோடை வாங்குங்கோ" என்றார். அலுவலகத்தில் இவருக்கு 'மழைராசா' என்று பெயர். ரொறன்ரோவிலிருந்து மனைவியின் தம்பி ஞாயிறுதோறும் அழைத்து, "அத்தான், இஞ்சை ஸ்னோ கொட்டுது, அதுவும் உங்கடை வேலையோ?" என்கிறார். தாயார் சொன்னது: "சனியைப் பாக்கிற சாமானைச் சனிக்கிழமையிலை வாங்கினால் வேறை என்ன நடக்கும்?" கடைக்காரர் அறிமுகப்படுத்திய, பல வருடம் வானம் பார்த்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து ஆடிகளை எப்படி நேர்ப்படுத்துவது என்று கேட்டிருக்கிறார். அவரும் சிரித்து, "எட்டு இஞ்சியோ? அப்ப எட்டுக் கிழமைக்கு முகில். பெட்டிக்குள்ளை அதையும் வைச்சுத்தான் அனுப்புறவங்கள்" என்றாராம். இவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இப்போது தேநீர் இடைவேளையில் யாருடனும் இருப்பதில்லை. இரவில் மழை இரைந்தால் நித்திரை இல்லை. கேட்கும் கேள்விகள்: இது எனக்கு ராசியில்லாத பொருளா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? விற்றுவிடவா? இந்த நக்கலை எப்படி நிறுத்துவது? வெயில் எறிக்கும் நேரத்தில் சூரியனையாவது பார்ப்போம் என்று மகன் கேட்கிறான், காட்டலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் தாயாரின் சனிக்கிழமைப் பகிடியை வாசித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். முதலிலேயே இதைச் சொல்கிறேன், ஏனெனில் உங்களைப் பார்த்துச் சிரித்த எல்லோரையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்கள். இனி என்னையும் அதில் சேர்ப்பதா என்பதைக் கடிதத்தை முடிவுவரை வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

வானியலில் எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. என் அண்ணன் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். சிறிய தொலைகாட்டி ஒன்று வைத்திருந்தார். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. முகில் வந்தால் அவர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது.

முகிலுக்கு உங்களைத் தெரியாது

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. வாடைக் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். இடையில் தாழமுக்கம் ஒன்று உருவானால் கிழமைக் கணக்கில் வானம் மூடும். 2008 கார்த்திகையில் நிஷா புயலின் மழை குடாநாட்டையே வெள்ளத்தில் போட்டபோது உங்கள் வீட்டில் தொலைகாட்டி இருக்கவில்லை. நீங்கள் சாமான் வாங்கியது சனிக்கிழமை என்பது பெரிய பிழையில்லை. ஐப்பசிக் கடைசியில் வாங்கியதுதான் சங்கதி. அதுவும் பிழையென்று சொல்ல மாட்டேன், சீட்டு விழும் மாதம் எங்கள் கையில் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். போன வருடம் கார்த்திகையில் எத்தனை இரவு முகில் மூடியது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? அப்போது நீங்கள் எண்ணவில்லை. பெட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்துதான் ஒவ்வொரு இரவும் கணக்கில் ஏறுகிறது. கடன் கொடுத்தவனுக்குத்தான் நாள் எண்ணத் தெரியும் என்பார்கள், அதே மாதிரி.

புதிய தொலைகாட்டி வாங்கினால் முகில் வரும் என்பது வானம் பார்ப்பவர்களிடையே உலகம் முழுக்க ஓடுகிற பகிடி. ஆடி பெருக்கப் பெருக்க முகிலும் தடிக்குமாம். மழை வேண்டுமென்றால் ஊரில் யாராவது தொலைகாட்டியில் கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லை ஒன்று புதிதாக வாங்கினால் போதுமாம். இது ஏன் இவ்வளவு உண்மைபோலத் தெரிகிறது? வானம் வெளித்த இரவில் அவர்கள் வெளியே நிற்பார்கள், பகிடி விட நேரமில்லை. முகில் மூடிய இரவில்தான் கையைக் கட்டிக்கொண்டு கதைக்கிறார்கள். ஆகவே காதில் விழும் கதைகள் எல்லாம் முகில் கதைகளாகவே இருக்கும்.

யார் சொல்லும் பகிடி

தொலைபேசியில் சிரித்தவரின் பேச்சை நீங்கள் பிழையாக எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவரும் உங்களைப் போல முகிலுக்குக் கீழே நனைந்துகொண்டு நிற்கிற ஆள். தன்னிடம் எத்தனை இஞ்சி இருந்ததோ அத்தனை கிழமை அவரும் காத்திருப்பார். அந்தப் பகிடி அவர்களிடம் ஒரு வரவேற்பு மாதிரி. புது மாப்பிள்ளையை மச்சான்மார் நக்கலடிப்பதில்லையா? அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த ஆட்களுக்கெல்லாம் ஒரு மூத்தவர் இருக்கிறார். லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர். 1761இல் அவர் கரை சேரும் முன்பே ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பலில் நின்று பார்த்தார். ஆடுகிற தளத்திலிருந்து அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருடத்தில். திரும்பிப் போகாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே அலைந்தார், மணிலாவுக்குப் போனார், மறுபடி புதுச்சேரிக்கு வந்து கண்காணிப்பகம் ஒன்றையும் கட்டினார். இடைக்காலத்தில் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கும் படித்தார். 1769 யூன் 4 காலை, கடப்பு நேரத்தில் மட்டும் முகில். முடிந்த பின் வெயில் எறித்தது. அதே நேரம் மணிலாவில் வானம் வெளிச்சிருந்தது. அதற்கு அடுத்த கடப்பு 1874இல். 1771இல் ஊர் திரும்பினால், ஆள் செத்துப்போனார் என்று சொல்லிப் பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். உரித்தாளர்கள் சொத்தில் கைவைத்திருந்தார்கள். அந்தப் புதுச்சேரி உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே 250 கிலோமீற்றர்தான்.

உங்களுக்கு இரண்டு மாதம். தொலைபேசி மனிதரைத் திரும்ப அழையுங்கள். "எட்டுக் கிழமையும் முடிஞ்சுது, முகில் இன்னும் கிடக்கு" என்று நீங்களே தொடங்குங்கள். ஆடி நேர்ப்படுத்துவதை அவர் அரை மணித்தியாலத்தில் சொல்லித் தந்துவிடுவார். அதற்கு வானம் வெளிக்கவும் தேவையில்லை, பகலில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் பகிடி இன்னும் நல்லது. மழை அவருக்கு விளைச்சல். உங்கள் முகிலில் அவருக்குச் சந்தோசம் இருக்கிறது, உங்களைக் குறைத்துச் சொல்ல அவர் வாயெடுக்கவில்லை. அலுவலகத்து 'மழைராசா' மட்டும் வேறு வகை. பெயர் வைத்து இரண்டு மாதம் கூப்பிடுவது சலிப்பைத் தரும். அதை நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். அதைத் தொடக்கி வைத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் கிழமை நானும் சிரிச்சனான், இப்ப பிடிக்கேல்லை, விடுங்கோ" என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கப் போனால் அதிலிருந்து இன்னொரு பகிடி முளைக்கும்.

தறப்பாள்

இனி உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கம். மேலே சுருக்கத்தில் நான் விட்ட இடம் இது. மற்ற நக்கல்களோடு ஒன்றாகச் சேர்த்து, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் இருந்த ஒரே தறப்பாளைத் தொலைகாட்டிக்குச் சுற்றி விறாந்தையில் வைத்திருக்கிறீர்கள். குசினிக் கூரை ஒழுகுகிறது. கீழே சட்டி வைத்திருக்கிறது. நீங்கள் வானம் தெரியவில்லை என்று புறுபுறுத்த இரவில் மனைவி சொன்னாராம்: "உங்களுக்கு வானம் தெரியேல்லை எண்ட கவலை. எனக்கு நல்லாத் தெரியுது, அடுப்படியிலை நிண்டு." அதற்குக் கீழே நீங்கள் எழுதியது: "பாருங்கள், அவளும் பகிடி பண்ணுகிறாள்."

சகோதரரே, அது பகிடியில்லை. இருபது வருடமாகக் கணவன் மனைவிமாரோடு இருந்து கதைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், முறைப்பாட்டைச் சிரிப்பில் சுற்றித் தருவது எங்கள் வீடுகளில் பெண்களுக்கு நன்றாகக் கைவந்த வேலை. சுற்றிக் கொடுத்தால்தான் சண்டை வராது. நீங்கள் பொதியைப் பிரிக்கவில்லை.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: விலையில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன். சீட்டுக் காசு குசினித் திருத்தத்துக்கென்று இருவரும் பேசி வைத்தது என்பதும் அங்கேதான் வருகிறது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், மழை இரைந்தால் உங்களுக்கு ஏன் நித்திரை வருவதில்லை என்பது விளங்குகிறது. ஒவ்வொரு மழையும் இரண்டு இடத்தில் விழுகிறது. வானத்தை மூடுகிறது, கூரையாலும் வடிகிறது. ஊர்க்காரர் முகிலைச் சொல்லிச் சிரிக்கும்போது உங்கள் காதில் விழுவது காசு. அவர்களுக்கு அந்தக் கதையே தெரியாது.

ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்கியதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. 44 வயதுவரை தனக்கென்று ஒன்றும் வாங்காத மனிதர் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் சரியான விலையைச் சொல்ல வேண்டும். அதுவும் முதல் வெளித்த இரவுக்கு முன்பு. வியாழனின் நிலவுகளைக் காட்டி மனம் குளிரவைத்துவிட்டுச் சொல்லலாம் என்று திட்டம் போடாதீர்கள். பிறகு அந்த நிலவுகளும் கையூட்டு ஆகிவிடும். பிள்ளைகள் இல்லாத நேரம், தாயாரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, விலை இவ்வளவு, பாதி சொன்னது பிழை, கூரைக்கு இந்த மாதத்திலிருந்து இவ்வளவு ஒதுக்குகிறேன் என்று சொல்லுங்கள். தொகையோடு சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். இரண்டு மூன்று நாள் கதையாமலும் இருக்கக்கூடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

இன்னொரு சங்கதி உங்களுக்குச் சிரிப்பைத் தரலாம். தறப்பாள் தொலைகாட்டிக்குக் கூடாது. காற்றுப் புகாமல் சுற்றினால் ஈரம் உள்ளே அடைபட்டு ஆடியிலும் வில்லைகளிலும் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்று வேறு. விறாந்தையிலிருந்து உள்ளறைக்கு எடுங்கள், மூடிகளைப் போடுங்கள், மேலே பழைய பருத்தி வேட்டி ஒன்றைப் போர்த்துங்கள். வில்லைப் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிறு பைகளைப் போட்டு வையுங்கள். தறப்பாளை நாளைக்கே குசினிக் கூரையில் ஏற்றலாம். நீங்களே ஏறிக் கட்டுங்கள், கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பதும் விற்பதும்

முகில் பொருளின் குறைபாடு ஆகாது. ஆகவே வானம் தெரியவில்லை என்று சொல்லிக் கடைக்காரரிடம் காசு கேட்க உங்களுக்கு வழியில்லை. அவர் தயவில் மாற்றிக் கொடுத்தால் அது வேறு. ஆனால் இரண்டு மாதமாகச் சுற்றி வைத்திருந்த சாமானில் ஏதாவது உடைந்திருக்கிறதா, சொன்ன பாகங்கள் எல்லாம் வந்தனவா என்று நீங்கள் பார்க்கவேயில்லைப் போலிருக்கிறது. இந்தக் கிழமை பாருங்கள். குறை இருந்து கடைக்காரர் தட்டிக்கழித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஐப்பசிக் கடைசியிலிருந்து எண்ணினால் உங்களுக்கு அதிக நாள் இல்லை. பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

விற்பதைப் பொறுத்தவரை, கூரைக் கணக்கு எப்படியும் சரிவராது என்று நீங்களும் மனைவியும் சேர்ந்து தீர்மானித்தால் விற்றுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மழைக்குக் கோபப்பட்டு விற்காதீர்கள். மாரியில் வாங்கி மாரியிலேயே விற்கிறவருக்கு விலை கிடைக்காது, பார்த்த வானமும் இல்லை. வரும் மாசி, பங்குனிதான் எங்கள் பக்கத்தில் வானம் நன்றாக வெளிக்கும் மாதங்கள். சித்திரை வருடப்பிறப்பு வரை தவணை வையுங்கள்.

அந்த மாதங்களுக்கு இப்போதே ஆயத்தமாகலாம். இருண்ட இரவுகளைத் தேட உங்களுக்கு ஒரு செயலியும் வேண்டாம், சுவரில் தொங்கும் கலண்டரில் அமாவாசை போட்டிருக்கும். முதல் இரவுக்கு மட்டும் வளர்பிறை நிலவை எடுங்கள். பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் தேடாமல் தெரியும், பள்ளங்களின் நிழல் விளிம்பில் நன்றாக விழுந்திருக்கும். பிறகு மிருகசீரிடத்துக்குக் கீழே, வேட்டைக்காரன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் வாளிலுள்ள புகைமண்டலம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கே பனைமர உயரத்தில் தாழ்ந்து நிற்கும், அதே ஊரிலிருந்து தெற்கே தென்சிலுவையையும் பார்க்கலாம். உங்கள் ரொறன்ரோ மைத்துனருக்கு அந்தச் சிலுவை ஒருநாளும் தெரியப்போவதில்லை. அடுத்த ஞாயிறு ஸ்னோக் கதை எடுத்தால் இதைச் சொல்லுங்கள். வீட்டடியில் தெரு விளக்குத் தொல்லை என்றால் மணற்காட்டுப் பக்கம் இருட்டு உண்டு, ஆனால் மணல் ஆடிக்கு எதிரி. கீழே பாய் விரிக்காமல் எதையும் திறக்காதீர்கள். பனியையும் மறக்க வேண்டாம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது தொலைகாட்டிக்காரருக்கும் பொருந்தும், வானம் வெளித்தாலும் வில்லையில் நீர் பூக்கும். அதற்கும் உங்கள் கூட்டாளிகளிடம் பகிடி இருக்கும்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் பற்றி ஒன்று. 1990இல் சண்டையால் மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தல் விளக்கையும் அணைத்துவிட்டு, கிணற்றடியில் வைத்து அப்பா கார்த்திகை மீன் கூட்டத்தைக் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது வேறு காரணத்துக்காக, வேறு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு. உங்கள் அப்பா அதே வானத்தில் உங்களுக்கு நட்சத்திரம் காட்டியிருக்கிறார். இதை மனைவியிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அவருக்குத் தெரிந்தது, குசினிக் காசில் ஒரு பெரிய குழாய் வந்து விறாந்தையை அடைத்துக்கொண்டது என்பது மட்டுமே. விலையைச் சொல்லும் அதே இருப்பில் இதையும் சொல்லுங்கள், விலைக்குப் பிறகு. முதலில் சொன்னால் சாட்டுப்போலக் கேட்கும்.

நித்திரையைப் பற்றி: இதெல்லாம் செய்த பிறகும் இன்னும் இரண்டு கிழமைக்கு நித்திரை வராமல், ஆட்களை ஒதுக்குவது தொடர்ந்தால், அதை முகிலோடு சேர்த்துத் தள்ளிவைக்காதீர்கள். பக்கத்து அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்துத் தமிழில் கதைக்கலாம்.

மகனின் கேள்விக்கு மட்டும் இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். தொலைகாட்டியால் சூரியனைப் பார்க்கக் கூடாது. முகில் ஊடாகவும் கூடாது, ஒரு கணமும் கூடாது. எட்டு இஞ்சி ஆடி திரட்டும் வெயில் விழித்திரையைப் பொசுக்கிவிடும், விழித்திரைக்கு வலி தெரியாது, பிள்ளை கத்தவும் மாட்டான். எக்ஸ்ரேத் தாள், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி வாங்கும்வரை பகலில் வெளியே வைத்து அதைத் திறக்க வேண்டாம். குழாயின் மேல் பூட்டியிருக்கும் சிறிய தேடுகுழாயும் அப்படித்தான். நீங்கள் வேலைக்குப் போகும்போது கண்வில்லைகளையும் அந்தத் தேடுகுழாயையும் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.